அகதி கட்டிய ஊர்கள்

1933இல் பெர்லினைச் சேர்ந்த ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர் என்ற இளம் கட்டடக் கலைஞருக்கு ஷிங்கெல் பரிசு கிடைத்தது. அவருக்கு அப்போது 25 வயதுகூட நிரம்பவில்லை. அதே ஆண்டு ஏப்ரலில் ஹிட்லர் அரசு கொண்டுவந்த சட்டம் யூதர்களை அரசுப் பணியிலிருந்து துரத்தியது. கோனிக்ஸ்பெர்கர் யூதர். பரிசு மிஞ்சியது, வேலை போயிற்று. பிறகு நாடும் போயிற்று.

போய்ச் சேர்ந்த இடம் கெய்ரோ. அங்கே தொல்லியல் அறிஞர் லுட்விக் போர்ஹார்ட்டிடம் வேலை. பண்டைய எகிப்தியக் கதவுகள் எப்படிச் செய்யப்பட்டன என்பதை ஆராய்ந்து எழுதினார். இந்தியாவின் கதவைத் திறந்துவிட்டது தாய்மாமன் வழி வந்த அறிமுகம். மாமன் சாமானியர் அல்ல. 1954இல் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் மாக்ஸ் பார்ன். அவரும் 1933இல் ஜெர்மனியில் பதவி இழந்தவர்தான். சி.வி. ராமனின் அழைப்பை ஏற்று 1935-36இல் சில மாதங்கள் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் இருந்தார்.

1939இல் மருமகன் மைசூர் சமஸ்தானத்தின் தலைமைக் கட்டடக் கலைஞரானார். அப்போது திவான் சர் மிர்ஸா இஸ்மாயில். அறிவியல் கழகத்தில் விமானவியல் துறைக் கட்டடமும் உணவுக்கூடமும் அரங்கமும் கோனிக்ஸ்பெர்கர் கைவண்ணம். ஜாம்ஷெட்பூருக்கும் புவனேஸ்வருக்கும் நகரத் திட்டம் வகுத்தவரும் அவரே.

அவர் வாழ்க்கையின் கனமான பகுதி 1947க்குப் பிறகு வந்தது. பிரிவினையில் வீடிழந்து லட்சக்கணக்கானோர் எல்லை தாண்டி வந்தார்கள். அவர்களுக்கு வீடு தரும் பொறுப்பில் மத்திய அரசு அமர்த்தியது, தானே நாடிழந்து வந்த ஒருவரை. ஃபரிதாபாத், காந்திதாம் போன்ற புதிய ஊர்களின் திட்டங்களில் அவர் பங்கு உண்டு.

ஆனால் அவசரம் ஒரு தோல்வியையும் தந்தது. சுவர்ப் பலகைகளைத் தொழிற்சாலையில் வார்த்து, கொண்டுபோய்ப் பொருத்தினால் வீடு என்று டெல்லியில் ஓர் அரசு ஆலை தொடங்கப்பட்டது. பலகைகள் விரிசல் விட்டன. பாராளுமன்றத்தில் கேள்விகள் கிளம்பின. 1951இல் அவர் லண்டனுக்குப் போனார்.

இந்தியாவில் கற்றதை அங்கே பாடமாக்கினார். 1954இல் லண்டனில் தொடங்கிய வெப்பமண்டலக் கட்டடக் கலைத் துறையை வளர்த்தார். 1970களில் சகாக்களோடு எழுதிய நூல் இந்தியக் கல்லூரிகளில் பாடநூலானது. அவரும் கார்ல் மஹோனி உள்ளிட்ட சகாக்களும் வகுத்த முறை எளியது. ஓர் ஊரின் 12 மாத வெப்பம், ஈரப்பதம், மழை, காற்று ஆகியவற்றை அட்டவணையில் நிரப்ப வேண்டும். சன்னல் எவ்வளவு அகலம், சுவர் எவ்வளவு கனம், வீடு எந்தத் திசை பார்க்க வேண்டும் என்பதற்கு விடை அதிலேயே கிடைக்கும்.

திருவனந்தபுரத்துக்கு அட்டவணையை நிரப்பினால் என்ன வரும்? புழுக்கமான ஊர். கனத்த சுவரைவிடக் காற்றோட்டம் முக்கியம். வெயிலும் சாரலும் உள்ளே வராதபடி நீண்ட இறவாரம் வேண்டும். நகரத்தின் வளர்ச்சி ஆய்வு மையத்தை லாரி பேக்கர் செங்கல்லில் துளைவிட்டுக் கட்டிய சுவர்களும், அவருக்கு வெகுமுன்பே எழுந்த ஓட்டு வீடுகளும் சொல்வது இதையேதான். பேக்கரும் வெளிநாட்டிலிருந்து வந்தவரே. ஆனால் அவர் விரும்பி வந்தார். கோனிக்ஸ்பெர்கர் விரட்டப்பட்டு வந்தார்.

இன்று அதே நகரத்தில் மேற்குப் பார்த்த கண்ணாடி முகப்புகள் எழுகின்றன. உள்ளே புகுந்த வெயிலை ஏ.சி. போட்டு விரட்டுகிறார்கள், வசதி இல்லாதவர் கான்கிரீட் கூரைக்கடியில் வேகிறார்.

கோனிக்ஸ்பெர்கர் 1999 ஜனவரியில் லண்டனில் காலமானார். எந்த ஊரில் இருக்கிறோம் என்று கேட்டுவிட்டுக் கட்டு என்பதுதான் அவர் பாடத்தின் சாரம். சொந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் கேள்வி தோன்றாமல் போவதுதான் வேடிக்கை.