பனிக்கால நடை

பள்ளிச் சுற்றுலா என்றால், இரவெல்லாம் பேருந்தில் துயின்று, தொலைவிலுள்ள நகரமொன்றைப் பகலில் கண்டு, மறு இரவும் துயின்றே திரும்புவது என்று ஆகிவிட்டது. தொலைவிலுள்ளவற்றைக் காண வேண்டா என்று யான் கூறவில்லை. ஆனால், சேலம், நாமக்கல் மாவட்டங்களில் வாழும் மாணவர் தம் ஊரைச் சுற்றியுள்ள நிலத்தை ஒரு நாளேனும் நண்பருடன் நடந்து காணுதல் அதனினும் இன்றியமையாதது என்பேன்.

அதற்கு ஏற்ற காலம் மார்கழியும் தையுமாகிய முன்பனிக் காலமே. மழை ஓய்ந்திருக்கும், வெயிலும் சுடாது. மார்கழிக் கடைசியில் ஒரு நாள் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து கொல்லிமலை அடிவாரமாகிய காரவள்ளிக்கு நண்பர் சிலருடன் நடந்தேன். மலை கிழக்கே நிற்பதால், அவ்வூர்களுக்குக் கதிரவன் சற்றுக் காலந்தாழ்த்தே வருகின்றான்!

வழியில் ஒரு தோட்டத்தில் மரவள்ளிக் கிழங்கு அகழ்ந்துகொண்டிருந்தனர். முதியவர் ஒருவர் வெட்டிய குச்சிகளைக் கட்டுகளாக்கி வேப்பமர நிழலில் நிறுத்தி வைத்தார். "ஐயா, இவை விறகுக்கோ?" என்று நண்பர் வினவினார். "விறகா? அடுத்த பயிரே இதுதான், தம்பி. குச்சியைத்தானே நடுகிறோம்!" என்று அவர் நகைத்தார். ஜவ்வரிசிப் பாயசத்தை நாங்கள் அனைவரும் சுவைத்தவர்களே. அது தென்னமெரிக்காவிலிருந்து வந்த செடியின் கிழங்கு என்பதையும் நூலில் படித்திருந்தோம். அச்செடி குச்சியிலிருந்து தழைப்பதை அவ்வேப்ப நிழலே கற்பித்தது.

அடிவாரத்தை நெருங்க நெருங்க வயல்கள் குறைந்தன, காடு தொடங்கியது. மரங்கள் இலை உதிர்க்கத் தொடங்கியிருந்தன. உதிர்ந்த சருகு மழைநீரை விரைந்து ஓடவிடாமல் மண்ணுள் இறக்குகிறது. அந்நீர் சிறுகச் சிறுகக் கசிந்து, கீழுள்ள கிணறுகளுக்கு ஊற்றாகிறது. காட்டையும் கழனியையும் ஒரே காலையில் கண்டவனுக்கு இவ்வுறவை நெடிது விளக்க வேண்டுவதில்லை. பேருந்தில் மலையேறுவோரோ 70 கொண்டையூசி வளைவுகளை எண்ணுவதிலேயே முனைந்திருப்பர். (எண்ணிக்கை தவறினால் பூசலும் உண்டு.)

காடு என்றால் இடரன்றோ எனப் பெற்றோர் அஞ்சலாம். அவ்வச்சம் பொருளற்றதன்று. 2018 மார்ச்சுத் திங்களில் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் மூண்ட தீ, நடைப்பயணம் சென்ற பலரின் உயிரைக் கவர்ந்தது. வனத்துறையின் இசைவின்றிக் காட்டுக்குள் செல்லலாகாது. கோடையில் அவ்வெண்ணமே வேண்டா. மாணவர்க்கு ஊர்ப்புறமும் காட்டோரச் சாலையும் போதும்.

ஆசிரியர் ஒருவர், மாணவர் பதின்மர், கட்டுச்சோறு, குடிநீர் இவ்வளவே தேவை. பணமின்மையால் சுற்றுலாவிற்குப் பெயர் கொடாமல் வீட்டில் தங்கிவிடும் மாணவன் பல வகுப்புகளில் இருக்கின்றான். இந்நடைக்கு அவனும் வருவான். அவன் உழவர் வீட்டுப் பிள்ளையாயின், அன்று வழிநெடுக மற்றவர்க்கு எடுத்துச் சொல்பவன் அவனாகவே இருப்பான்.