செத்தவனுக்கும் ஒரு சுவர்

ஸ்காட்லாந்திலிருந்து ஒருவர் தன் மூதாதையைத் தேடித் திருச்சிக்கு வந்தால் வெறுங்கையோடு திரும்ப மாட்டார். சென்னை மாகாணத்து வெள்ளையரின் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் பற்றிய பதிவுகள் 1698 தொடங்கி லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. கல்லறை வாசகங்களை ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் 1905இலேயே புத்தகமாகப் போட்டுவிட்டார். தெற்காசியாவின் ஐரோப்பியக் கல்லறைகளைக் காப்பாற்ற 1976இல் ஒரு சங்கமே ஆரம்பித்தார்கள். 1826இல் இங்கே குளிக்கப் போன இடத்தில் இறந்த பிஷப் ஹீபரின் கல்லறை தூய யோவான் ஆலயத்தில் பத்திரமாக இருக்கிறது.

தேடட்டும். அதில் எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை. ஆனால் இதே ஊரில் எங்கள் பாட்டனை நாங்கள் தேடினால்?

மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். நடுவில் சுவர். ஒரு பக்கம் சாதிக் கிறிஸ்தவர், மறுபக்கம் தலித் கிறிஸ்தவர். ஞானஸ்நானத் தண்ணீர் ஒன்று, நற்கருணை ஒன்று, குழி மட்டும் வேறு. சுவரை இடி என்று எத்தனை போராட்டம்! செத்தவன் எந்தச் சாதி என்று திருச்சபைக்குத் துல்லியமாகத் தெரிகிறது. 1950 குடியரசுத் தலைவர் ஆணைக்கு மட்டும் அது தெரியாது; கிறிஸ்தவனாகிவிட்டால் நீ பட்டியல் சாதி இல்லை என்கிறது. சலுகை கேட்கும்போது இல்லாத சாதி, குழி வெட்டும்போது எங்கிருந்து வருகிறது?

பெயருக்கு வருவோம். காம்ப்பெல் என்றால் ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் கோணவாய். யாரோ ஒரு கிழவனுக்கு ஊரார் வைத்த பட்டப்பெயர். அந்தக் கோணவாய்க் குடும்பப் பெயரோடுதான் ஆர்ச்சிபால்ட் காம்ப்பெல் 1786இல் சென்னைக்குக் கவர்னராக வந்தார். அதே பெயருக்கு அங்கே டியூக் பட்டமும் உண்டு. இங்கே குப்பனுக்கும் அமாவாசைக்கும் பேரன் அந்தப் பெயரைச் சொல்லவே கூசும்படி வைத்திருக்கிறது ஊர். நமக்கு மிஞ்சியது ஒரு இனிஷியல். அப்பா ஒற்றை எழுத்தாக நிற்கிறார், தாத்தா அதிலும் இல்லை.

ஆற்றைத் தாண்டினால் ஸ்ரீரங்கம். அங்கே அபிவாதயே சொல்கிற பிள்ளை ரிஷியிலிருந்து தொடங்கி கோத்திரம் ஒப்பிக்கிறான். உறையூர்ப் பாணர் திருப்பாணாழ்வாரை உள்ளே விடும்போது என்ன செய்தார்கள்? நெற்கதிரில் கண்டெடுத்த பிள்ளை, பாணர் வளர்த்தார்கள், அவ்வளவுதான் என்று கதை கட்டினார்கள். தோளில் ஏற்றிவந்த கையோடு பெருமாளோடு கலந்துவிட்டார் என்றார்கள். பெற்ற தாயும் கிடையாது, புதைத்த இடமும் கிடையாது. சாமியாக்குவதற்குள் வேரை அறுத்துவிட்டார்கள். புராணம் என்று தள்ளாதீர்கள், யார் வேரை யார் எழுதுகிறார்கள் என்று பாருங்கள்.

ஆகவே ஆயர்களிடம் கேட்கிறோம். பங்குக் கோயில்களின் பழைய அடக்கப் பதிவேடுகளைப் படியெடுத்து, எங்கள் பிள்ளைகள் பார்க்கும்படி பொதுவில் வையுங்கள். சாதி எழுதியிருந்தால் அழிக்காமல் அப்படியே வையுங்கள், யார் எழுதினார்கள் என்பதும் தெரியட்டும். சுவரை, வருகிற நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குள் எடுங்கள். அன்றைக்கு நாங்கள் மெழுகுவத்தியோடு வருவோம், இரண்டு பக்கத்துக்கும்.