செய்முறை வகுப்பில் விலக்கு எதற்கு?

"செய்முறை வகுப்பிலிருந்து எங்கள் பிள்ளைக்கு விலக்கு அளித்துவிட்டார்கள்" என்று பெற்றோர் சிலர் எங்களிடம் நிம்மதியுடன் கூறுவதுண்டு. மாற்றுத்திறன் கொண்ட குழந்தையைச் சிரமப்படுத்தக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் தரப்படும் சலுகை அது. ஆயினும், அச்சலுகை ஒரு பாடத்தையே குழந்தையிடமிருந்து பறித்துவிடுகிறது என்பது எங்கள் கருத்து.

உயிரினங்களின் வாழ்க்கைச் சுழற்சியை எடுத்துக்கொள்வோம். முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி ஆகிய நான்கு நிலைகளையும் பாடநூல் அம்புக்குறியிட்ட படமாகக் காட்டுகிறது. பார்வையற்ற குழந்தைக்கு அப்படத்தால் பயனில்லை. அக்குழந்தையின் உள்ளங்கையில் நன்கு வளர்ந்த பட்டுப்புழு ஒன்றை வைத்துப் பாருங்கள். அது கடிக்காது, விரைந்து ஓடாது. தட்டு நிறையப் புழுக்கள் மல்பெரி இலையைத் தின்னும் ஓசை, தூறல் விழுவதுபோல் கேட்கும். ஏறத்தாழ 25 நாட்களில் நான்கு முறை தோலுரித்து, விரல் நீளத்திற்கு வளர்ந்தபின் புழு கூடு கட்டும். சில நாட்கள் கழித்து அக்கூட்டைக் காதருகே மெல்ல அசைத்தால், உள்ளே கூட்டுப்புழு உருளும் ஒலி கேட்கும். வெளிவரும் பூச்சி சிறகிருந்தும் பறக்காது, கையிலேயே படபடக்கும்.

சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கும் குழந்தைக்குத் தட்டை அதன் கைக்கெட்டும் உயரத்தில் வைத்தால் போதும். விரல்கள் ஒத்துழைக்காவிடில் மென்மையான தூரிகையால் புழுவை நகர்த்தலாம். அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைக்கு, நாள்தோறும் குறித்த நேரத்தில் இலையிடும் பொறுப்பே பாடமாக அமையும். எப்போதும் பிறரால் பராமரிக்கப்படும் குழந்தை, ஓர் உயிரைத் தானே பராமரிக்கும் வாய்ப்பை அங்கே பெறுகிறது. சில புழுக்கள் இடையிலேயே இறக்கவும் கூடும். அதனை மறைக்க வேண்டாம். எளிய சொற்களில் எடுத்துரையுங்கள்.

எச்சரிக்கையும் தேவையே. தொட்டபின் சோப்பிட்டுக் கைகழுவ வேண்டும். பூச்சியின் சிறகுத் துகள் சிலருக்கு ஒவ்வாது. ஆதலால் ஆஸ்துமா, ஒவ்வாமை, நோய் எதிர்ப்பாற்றல் குறைவு ஆகியவை உள்ள குழந்தைகளின் பெற்றோர் முன்கூட்டியே மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டுகிறோம்.

அரசு நிதி அல்லது அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள், ஒவ்வொரு குழந்தையின் தேவைக்கேற்பவும் தக்க வசதிகளைச் செய்து தர வேண்டும் என்பதை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் வலியுறுத்துகிறது. எனவே, அடுத்த முறை பள்ளி விலக்கு அளிக்க முன்வந்தால், நன்றி கூறிவிட்டு, "எங்கள் பிள்ளையும் பங்கேற்க என்ன ஏற்பாடு செய்யலாம்?" என்று கேளுங்கள். அக்கேள்வியைப் பெற்றோர்தாம் தொடங்கி வைக்க வேண்டும்.