உலகம் வேண்டாம், ஒரு ஊரைக் கொடுங்க!

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



ஆண்டு மலர் என்றாலே வேலைவாய்ப்பு, சுற்றுச்சூழல், இளைஞர் சக்தி என்று கட்டுரைகள் வரிசையாக வரும். அதையெல்லாம் என்னை விட நன்றாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் ஒரு விளையாட்டைப் பற்றி எழுதுகிறேன். "இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். ஒரு துறைக்குள் புதிதாக நுழைகிறவன் கையில் முதலில் எதைக் கொடுக்க வேண்டும் என்ற கேள்வி இதற்குள் இருக்கிறது. அது நம் எல்லோருக்கும் பழக்கமான கேள்விதான்.

விளையாட்டின் பெயர் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். ஹாஸ்டல் பசங்க சிலருக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு மேஜை, நாலைந்து பேர், பேப்பர், பென்சில், பகடைகள். இவ்வளவுதான் சாமான். ஒருவர் கதையை நடத்துவார். நடத்துனர் என்று வைத்துக்கொள்வோம் (பஸ் ஞாபகம் வந்தால் பரவாயில்லை, எல்லோரையும் ஏற்றி ஊர் கொண்டு சேர்ப்பது இவர் வேலையும்தான்!). மற்றவர்கள் வீரன், திருடன், மந்திரவாதி என்று ஆளுக்கொரு வேஷம் போடுவார்கள். "கதவைத் திறக்கிறேன்" என்பான் ஒருவன். உள்ளே என்ன இருக்கிறது என்று நடத்துனர் சொல்வார். பூட்டு உடையுமா உடையாதா என்பதை இருபது முகப் பகடை தீர்மானிக்கும்.

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் உருவாக்கிய இந்த ஆட்டத்தை, விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சிற்றூரில் இருந்த டி.எஸ்.ஆர். கம்பெனி 1974-ல் வெளியிட்டது. முதலில் அச்சடித்தது 1000 பிரதி மட்டுமே. விதிகள் அடங்கிய புத்தகம் விற்றாயிற்று. அடுத்து எதை விற்பது? அன்றிலிருந்து இன்று வரை பதிப்பாளர்கள் முன்னால் நிற்கும் கேள்வி இதுதான்.

இரண்டு வகைப் புத்தகம் உண்டு. ஒன்று செட்டிங் புத்தகம். அதில் ஒரு முழு உலகமே இருக்கும். வரைபடம், நாடுகள், ராஜாக்கள், கடவுள்கள், ஆயிரம் வருஷத்து வரலாறு எல்லாம் இருக்கும். என்ன கதை நடக்க வேண்டும் என்பது மட்டும் இருக்காது. அது நடத்துனர் பாடு. இன்னொன்று அட்வென்ச்சர் மாட்யூல். இதில் ஒரே ஒரு சாகசம். இந்தக் குகை, இந்த அறையில் இது இருக்கிறது, இந்தக் கிழவனிடம் கேட்டால் இதைச் சொல்வான் என்று ஒவ்வொன்றாகப் போட்டிருக்கும்.

எதை வெளியிட வேண்டும்? மாட்யூல்தான் முதலில் வர வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

எதிர்க்கட்சி என்ன சொல்கிறது?

அவர்கள் வாதத்தையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். ஒரு மேஜையில் ஐந்து பேர் உட்கார்ந்தால் மாட்யூல் வாங்குவது நடத்துனர் ஒருவர்தான். மற்ற நாலு பேர் படித்தால் ரகசியம் போச்சு! ஒரு முறை ஆடி முடித்தால் அதே கூட்டத்துக்கு அது மறுபடி உதவாது. செட்டிங் புத்தகம் அப்படியில்லை. ஐந்து பேரும் வாங்கிப் படிக்கலாம், வருஷக் கணக்கில் உதவும், சொந்தக் கற்பனைக்கும் இடம் உண்டு. வியாபாரமாகப் பார்த்தால் இது கெட்டிக்கார வாதம்தான்.

ஆனால் நடந்தது என்ன? டி.எஸ்.ஆர். 1980-ல் கிரேஹாக் உலகத்தை வெளியிட்டது. 1987-ல் ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் வந்தது. 1991-ல் டார்க் சன், 1994-ல் பிளேன்ஸ்கேப் என்று உலகத்துக்கு மேல் உலகமாகப் பெட்டி பெட்டியாக வந்தன. ஒரு உலகத்துக்காரன் இன்னொரு உலகத்துப் புத்தகத்தைத் தொட மாட்டான். 1997-ல் கடனில் தத்தளித்த அந்தக் கம்பெனியை விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வாங்கியது. விற்காமல் கடைகளிலிருந்து திரும்பி வந்த புத்தகங்கள் அந்த வீழ்ச்சிக்கு ஒரு காரணம் என்றால், வாசகர்களை இப்படிப் பல உலகங்களாகப் பிரித்துப் போட்டதும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆக, உலகம் விற்றால் லாபம் நிச்சயம் என்பது எழுதி வைத்த விதி இல்லை.

அண்ணன் இல்லாதவனுக்கு யார்?

வியாபாரம் பதிப்பாளர் கவலை. என் கவலை வேறு.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான்தான். அம்மாவும் அப்பாவும் வேண்டிய மட்டும் உழைத்துப் படிக்க அனுப்பினார்கள். ஆனால் "இந்த விண்ணப்பத்தில் என்ன எழுதணும்?" என்று நான் கேட்டால் அவர்கள் என்னையேதான் திருப்பிக் கேட்பார்கள். முதல் வருஷம் ஒர்க்‌ஷாப்பில் லேத் முன்னால் நின்றபோது, அப்பா பட்டறை வைத்திருக்கும் பசங்களுக்குக் கை தானாகப் போனது. அண்ணன் டிப்ளமோ படித்தவனுக்கு ரெக்கார்டு நோட்டே வீட்டில் இருந்தது. என்னைப் போன்றவர்களுக்குக் கை கொடுத்தது லேப் மேனுவல்தான். நோக்கம், கருவிகள், செய்முறை என்று ஒன்று, இரண்டு, மூன்று போட்டிருந்தது. தியரி புத்தகம் மோசம் என்று சொல்ல வரவில்லை. ஒரு வேலையை ஒரு தடவை முழுசாகச் செய்து பார்த்த பிறகுதான் அந்தத் தியரி எனக்குப் பேச ஆரம்பித்தது.

செட்டிங் புத்தகம் தியரி மாதிரி. மேஜையில் யாரோ ஒருவருக்கு ஆட்டம் நடத்தத் தெரியும் என்று அது நினைத்துக்கொள்கிறது. அண்ணனிடமோ கிளப்பிலோ கற்றுக்கொண்டு வந்தவனுக்கு அது தங்கச் சுரங்கம். யாரும் இல்லாதவனுக்கு? மாட்யூல்தான் அவனுக்கு அண்ணன்!

எங்கள் ஹாஸ்டலிலேயே பார்த்தேன். இன்டர்நெட்டில் இலவசமாகக் கிடைக்கும் விதிகளை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு நண்பர் செட்டிங் புத்தகம் ஒன்றை இரண்டு வாரம் படித்தார். ராஜ வம்சம் எல்லாம் மனப்பாடம். ஆனால் சனிக்கிழமை ராத்திரி வந்தால் "இன்னும் ரெடியாகலைடா" என்பார். பிறகு இருபது பக்க மாட்யூல் ஒன்று கைக்குக் கிடைத்தது. அதை நான் நடத்தினேன். வகுப்பில் செமினார் என்றாலே தொண்டை அடைத்துப் போகும் ஆள் நான். அன்று மூன்று மணி நேரம் பேசினேன் என்றால் நம்புவீர்களா? அடுத்து என்ன சொல்வது என்று தவிக்கும் போதெல்லாம் பக்கத்தில் பதில் இருந்தது. மூன்றாவது வாரம் பக்கத்தைப் பார்க்காமலே சொல்ல வந்துவிட்டது.

தண்டவாளம் ஆகாதா?

"மாட்யூல் என்றால் போட்ட தண்டவாளத்தில் ஓடும் ரயில், கற்பனை எங்கே?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1984-ல் தொடங்கிய டிராகன்லான்ஸ் வரிசை மாட்யூல்கள் மீது அந்தப் புகார் உண்டு. முன்பே முடிவான கதைக்குள் ஆட்டக்காரர்களை நடக்க வைத்தன என்பார்கள். ஆனால் நல்ல மாட்யூல் அப்படி இருக்க வேண்டியதில்லை.

மைக் கார் எழுதிய பி-1 மாட்யூலில் குகை அறைகளை விவரித்துவிட்டு, அங்கே என்ன மிருகம், என்ன புதையல் என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார். பின்னால் பட்டியல் இருக்கும். பார்த்து நீயே நிரப்பிக்கொள்! கோடிட்ட இடத்தை நிரப்புக மாதிரிதான். கைகாக்ஸ் எழுதிய பி-2 மாட்யூலில் ஒரு எல்லைக் கோட்டை, பக்கத்தில் அசுரக் கூட்டங்கள் வாழும் குகைகள். கோட்டையில் தலைவன், பூசாரி, வணிகன் எல்லோரும் உண்டு; யாருக்கும் பெயர் இல்லை. பெயர் வைப்பது நடத்துனர் வேலை. 1981-ல் வந்த அடிப்படைப் பெட்டிக்குள்ளேயே விதிகளோடு இதையும் வைத்துக் கொடுத்தார்கள். வாங்கினவன் அன்று ராத்திரியே ஆரம்பிக்கலாம்.

இன்னொன்றும் கவனியுங்கள். மாட்யூலிலிருந்து உலகம் முளைக்கும். 1983-ல் டிரேசி ஹிக்மன், லாரா ஹிக்மன் தம்பதி எழுதிய ரேவன்லாஃப்ட் 32 பக்க மாட்யூல். ஒரு கோட்டை, ஒரு ரத்தக் காட்டேரிப் பிரபு. ஜனங்களுக்குப் பிடித்துப் போனதால் 1990-ல் அது தனி உலகமாகவே வளர்ந்தது. 2000-ல் கிரீன் ரோனின் வெளியிட்ட டெத் இன் ஃப்ரீபோர்ட் சின்ன மாட்யூலும் பிறகு பெரிய நகரப் புத்தகமாக வளர்ந்தது. நட்டது விதை, வந்தது மரம்.

அதற்காக மாட்யூல் என்ற பெயரில் எது வந்தாலும் சரி என்று நான் சொல்லவில்லை. அதே ரேவன்லாஃப்ட் கதை 2016-ல் கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட் என்று 256 பக்கத்தில், 49.95 டாலர் விலையில் வந்தது. நம்ம ரூபாயில் அப்போதே மூவாயிரத்துக்கு மேல்! புத்தகம் அருமை என்றே சொல்கிறார்கள். ஆனால் முதல் தடவை நடத்துகிறவனுக்கு அதுவும் தலையணைதான்.

ஆகவே பதிப்பாளர்களுக்கு என் கோரிக்கை இது. முதலில் மெல்லிய மாட்யூல் போடுங்கள். அதற்குள் ஒரு ஊர் இருக்கட்டும், பத்து மனிதர்கள் இருக்கட்டும், ஒரு ஆபத்து இருக்கட்டும். நடுநடுவே காலி இடம் விடுங்கள். மலைக்கு அந்தப் பக்கம் என்ன என்று அவன் கேட்கும்போது செட்டிங் புத்தகத்தைக் கொண்டு வாருங்கள். அப்போது அவனே தேடி வந்து வாங்குவான்.

நமக்கும் ஒரு வேலை இருக்கிறது நண்பர்களே. 2023 ஜனவரியில் இந்த ஆட்டத்தின் அடிப்படை விதித் தொகுப்பைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டார்கள். மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு யாரும் எந்த மொழியிலும் அதை வைத்து எழுதலாம். நம்மில் யாராவது தமிழில் எழுத உட்கார்ந்தால், சோழர் காலம் முழுவதையும் எழுதப் போகிறேன் என்று கிளம்பாதீர்கள். ஒரு சத்திரம், அதன் பின்னால் ஒரு பாழுங்கிணறு. இருபது பக்கம் போதும். ஜெராக்ஸ் செலவு என்னுடையது!