கதகதப்பு என்கிற மதிப்பீடு

வால்வு சி.டி. பிளேயர் என்று ஒன்று கிடையாது. அந்தப் பெயரில் விற்கப்படும் பெட்டியைத் திறந்து பார்த்தால், தட்டின்மீது 780 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளி பாய்ச்சுகிற லேசர் ஒரு செமிகண்டக்டர். திரும்பி வரும் ஒளியை மின்சாரமாக்குகிற டயோடு செமிகண்டக்டர். கீறல் விழுந்த இடத்தில் விட்டுப்போன எண்களை இட்டு நிரப்புகிற சர்க்யூட்டும், விநாடிக்கு 44,100 முறை அளந்து வைக்கப்பட்ட 16 பிட் எண்களை மறுபடி மின்னலையாக்குகிற சில்லும் செமிகண்டக்டர்கள்தாம். இத்தனையும் முடிந்தபின், வெளியே போகும் கம்பிக்குச் சற்று முன்னால், கட்டைவிரல் பருமனில் ஒன்றிரண்டு வால்வுகள் உட்கார்ந்திருக்கின்றன. இரண்டு வோல்ட் அளவிலான ஸிக்னலை வெளியே அனுப்பிவைப்பது அவற்றின் வேலை. சாதாரண பிளேயரில் ஒரு சின்னச் சில்லு சத்தமில்லாமல் செய்துவிடுகிற வேலை. பந்தி முடிந்து போகிறவர்களுக்கு வாசலில் தாம்பூலம் கொடுக்கிறவரைச் சமையற்காரர் என்று சொல்வது போன்றது இந்தப் பெயர்.

தாம்பூலம் கொடுப்பதற்கு விலை பல லட்சம் ரூபாய். போகட்டும். பணம் இருப்பவர் எதையும் வாங்கலாம். அது அவர் சௌகரியம். என் சண்டை பெட்டியோடு அல்ல. அந்தப் பெட்டியைச் சுற்றி வளர்ந்திருக்கிற பாஷையோடு. கதகதப்பு, காற்றோட்டம், பட்டுப்போன்ற மேல்ஸ்தாயி, திரை விலகிய அனுபவம், கடைசியாக ஆத்மா. இந்தக் கருவிகளைப் பற்றிய மதிப்புரைகளில் இந்தச் சொற்கள் மாறிமாறி வருகின்றன. வாசித்தவன் என்ன வாசித்தான் என்பது பற்றி ஒரு வரியும் இருக்காது. ஸங்கீதம் கருவியைச் சோதிக்க உதவும் சரக்காகிவிட்டது. ஸங்கீதத்துக்காகக் கருவி என்கிற எளிய உண்மை தலைகீழாகிவிட்டதைப் பற்றி யாருக்கும் கூச்சமில்லை.

இந்த மனோபாவம் எங்கிருந்து வந்தது? ஆரம்பத்தில் ஒரு நியாயமான புகாரிலிருந்து. 1982 அக்டோபரில் ஸோனி தன் முதல் சி.டி. பிளேயரை ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. குறையற்ற ஒலி, என்றென்றைக்கும் என்ற தோரணையில் விளம்பரம் செய்தார்கள். ஒலி குறையற்று இல்லை. செங்குத்தாக வெட்டும் ஃபில்டர்கள். இசைத்தட்டின் வசதிக்கென்று சமன்செய்யப்பட்ட பழைய டேப்புகளை அப்படியே சி.டி.யில் ஏற்றிய சோம்பேறித்தனம். காது கூசிற்று என்று அன்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் இவை எஞ்சினீயர்களின் தவறுகள். எஞ்சினீயர்களே சில வருஷங்களில் திருத்தினார்கள். திருத்திய பிறகும் புகார் நின்றுபோகவில்லை. ‘எண்களில் ஆத்மா இல்லை’ என்ற வேதாந்தமாக அது உருமாறிற்று. எண்கள் தொலைத்த ஆத்மாவை மீட்டுத்தர 1906ல் லீ டி ஃபாரஸ்ட் கண்ட மூன்று முனை வால்வின் சந்ததி ஒன்றைக் கூப்பிட்டார்கள்.

வால்வு என்ன செய்கிறது? ஒரு ஸ்வரம் உள்ளே போனால் அதன் இரட்டிப்பு அதிர்வையும் கொஞ்சம் சேர்த்து வெளியே விடுகிறது. ஷட்ஜம் போனால் தாரஸ்தாயி ஷட்ஜம் துளி கலந்து வருகிறது. இது காதுக்கு உறுத்தாத திரிபு. தம்பூராவில் யாரும் மீட்டாத காந்தாரம் தானே எழுவதைக் கேட்டுப் பழகிய நமக்கு, மேல் ஸ்வரங்களின் கூட்டு ஒரு நாதத்தை எப்படிச் செழிப்பாக்கும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் தம்பூராவின் காந்தாரம் தம்பூராவினுடையது. பிளேயரின் தாரஷட்ஜம் வாசித்தவனுடையதல்ல, வழியில் சேர்ந்தது.

ஆக, இரண்டில் ஒன்று. வால்வு சேர்ப்பது காதுக்குக் கேட்கும் அளவில் இருந்தால் அது திரை விலகல் அல்ல, திரை போடுதல். கேட்காத அளவில் இருந்தால், திறமையாக வடிவமைத்த கருவிகளில் அப்படித்தான் இருக்கும், வால்வு வெறும் அலங்காரம். மூன்றாவது சாத்தியம் ஒன்றை யாராவது சொல்லட்டும். அலங்காரம் என்று நான் வசைக்காகச் சொல்லவில்லை. வால்வு தெரியும்படி கண்ணாடி ஜன்னல் வைக்கிறார்கள். சில கருவிகளில் வால்வின் சொந்த வெளிச்சம் போதவில்லை என்று அடியில் ஓர் எல்.இ.டி. விளக்கும் பொருத்துகிறார்கள். காதுக்கான கருவியில் கண்ணுக்கான விளக்கு எதற்கு?

‘மீட்டரை நம்பாதே, காதை நம்பு’ என்பது இவர்களுடைய பிரம்மாஸ்திரம். சம்மதம். காதை மட்டும் நம்புவோம், கண்ணை மூடிக்கொள்வோம். 1985ல் பாப் கார்வர் என்ற அமெரிக்க எஞ்சினீயர் தன்னுடைய மலிவான டிரான்ஸிஸ்டர் ஆம்ப்ளிஃபயரைத் திருத்தி, மிக விலை உயர்ந்த வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்றைப் போலவே ஒலிக்கச் செய்வதாக ‘ஸ்டீரியோஃபைல்’ பத்திரிகையிடம் பந்தயம் கட்டினார். இரண்டு நாள் உட்கார்ந்து செய்தும் காட்டினார். பத்திரிகைக்காரர்களால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. வால்வின் ‘ஆத்மா’ என்பது நகல் எடுக்கக் கூடிய ஒரு குணம் என்று அன்றே தெரிந்துவிட்டது.

2007ல் மேயர், மோரன் என்ற இருவர் இன்னொரு பரிசோதனையைப் பிரசுரித்தார்கள். சி.டி.யைவிட உயர்ந்த வகைப் பதிவுகளின் ஒலிப்பாதையில் சி.டி.யின் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் வரம்பை இடையில் நுழைத்தும் எடுத்தும் கேட்கவைத்தார்கள். 554 முறை கேட்டதில் சரியாகச் சொன்னது 276 முறை. காசைச் சுண்டிப் போட்டாலும் இதுதான் கிடைக்கும். 2016ல் ஜோஷுவா ரைஸ் என்பவர் இத்தகைய 18 ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தபோது 52.3 சதவிகிதம் வந்தது. பயிற்சி பெற்றவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூட. வேறுபாடே இல்லை என்று பிடிவாதம் செய்ய வேண்டாம். ஆனால் இவ்வளவு மெல்லிய வேறுபாட்டின்மீதா ஆத்மா இருக்கிறது, இல்லை என்கிற மாளிகையைக் கட்டுவது?

க்ளென் கூல்டை எடுத்துக்கொள்வோம். பாஹின் கோல்ட்பர்க் வேரியேஷன்ஸை அவர் நியூயார்க்கில் ஒரே ஸ்டூடியோவில் இரண்டு முறை பதிவு செய்தார். 1955ல் வால்வுகளின் காலத்தில், மோனோவில். 1981ல் டிஜிட்டலில். இரண்டாவது முறை டிஜிட்டலோடு கூடவே பழைய பாணி டேப்பும் ஓடிக்கொண்டிருந்தது. 2002ல் இரண்டு பதிவுகளையும் சேர்த்து வெளியிட்டபோது 1981 பதிவுக்கு அந்த டேப்பையே எடுத்துக்கொண்டார்கள். வால்வு பக்தர்களுக்கு இது நல்ல சாட்சியம் போலத் தோன்றும். ஆனால் 2002ல் வெளிவந்தது சி.டி.யாக. டேப்பின் மேன்மை என்று எதைக் கொண்டாடினார்களோ அது எண்களில் ஏற்றப்பட்டு, எண்களாகவே வீடு வந்து சேர்ந்தது. பதிவு செய்த இடத்தில் பிடித்ததைச் சி.டி. சுமந்துவரும், பிடிக்காமல் விட்டதை வீட்டிலிருக்கும் எந்த வால்வும் வரவழைக்காது. இதற்குமேல் என்ன சாட்சியம் வேண்டும்?

கேட்க வேண்டியது வேறு. முதல் பதிவு முழுவதும் 38 நிமிஷம். இரண்டாவது 51 நிமிஷம். ஆரம்பத்தில் வரும் ஆரியா முதலில் இரண்டு நிமிஷத்துக்குள் முடிகிறது. பிறகு மூன்று நிமிஷத்தைத் தாண்டுகிறது. இடையில் ஒரு மனிதன் 26 வருஷம் யோசித்திருக்கிறான். 1964ல் மேடையையே துறந்திருக்கிறான். விரல்களுக்குப் பின்னால் அவன் முனகுவது கேட்கிறது. இவற்றைக் கேட்க நடைபாதையில் வாங்கிய பிளேயரே போதும். கூல்டின் ஒலி ஈரப்பசையற்றது. மைக்கைப் பியானோவுக்கு அருகில் வைத்து, கச்சேரி மண்டபத்தின் குழைவை வேண்டாமென்று ஒதுக்கியது அவர் எடுத்த முடிவு. அதன்மேல் கதகதப்பைப் பூசினால், அவருடைய முடிவை அவரைக் கேட்காமல் வாபஸ் வாங்குகிறோம்.

எலெக்ட்ரிக் கிடாருக்கு வால்வு ஆம்ப்ளிஃபயர் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வால்வைத் தாங்க முடியாத எல்லைக்குத் தள்ளி, உடையும் ஒலியிலிருந்தே தன் ஸங்கீதத்தை எடுத்தார். அங்கே திரிபு கலைஞனின் தேர்வு. இங்கே அது கேட்பவன் வீட்டு மேஜையில் உட்கார்ந்துகொண்டு கூல்ட், பில்லி ஹாலிடே, வெபர்ன் எல்லாரையும் ஒரே சர்க்கரைப் பாகில் முக்கி எடுக்கிறது.

நம்மவர்களுக்கு இதில் தனி மயக்கம் ஒன்று உண்டு. வீட்டு வால்வு ரேடியோ சூடேறிப் பாடத் தொடங்கும்வரை காத்திருந்த ஞாபகம். அந்த ஒலியின் இதம் மரப்பெட்டியிலிருந்தும், பெரிய ஸ்பீக்கரிலிருந்தும், மேல் அதிர்வுகளை வெட்டிவிடுகிற மீடியம் வேவின் குறுகிய பாதையிலிருந்தும், முக்கியமாக நம்முடைய வயதிலிருந்தும் வந்தது. அதை லட்சம் கொடுத்துத் திரும்ப வாங்க முடியாது. ஞாபகத்துக்குள்ள மரியாதையை ஞாபகமாகவே கொடுத்துவிடுவது நல்லது. ரஸனையின் அளவுகோலாக அதை உயர்த்தக் கூடாது.

ஒரு கவிதைப் பத்திரிகையில் இதெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். இதே பாஷையில்தான் இங்கே கவிதைக்கும் மதிப்புரை எழுதப்படுகிறது. நெகிழவைத்தது, ஈரமானது, ஜீவன் ததும்புகிறது. எந்தப் புத்தகத்தை உள்ளே போட்டாலும் இதே சொற்கள் வெளியே வருகின்றன. இந்த மதிப்புரையாளரும் வெளிவாசலில் பொருத்தப்பட்ட ஒரு வால்வுதான். கவிஞன் வறட்சியாக எழுதினால் அந்த வறட்சி அவன் செய்த காரியம். அவன் சொல்லைக் குளிரவைத்ததற்குக் காரணம் இருக்கும். அந்தக் காரணத்தைத் தேடுவதே விமர்சனம். படிப்பவன் சௌகரியத்துக்காக அதைச் சூடு பண்ணிப் பரிமாறுவது உபசாரம்.

தனக்கு வால்வின் ஒலி பிடித்திருக்கிறது என்று சொல்கிறவரோடு எனக்கு வழக்கில்லை. பிடித்ததற்கு உண்மை என்று பெயர் வைக்கும்போதுதான் வழக்கு. கதகதப்பு வேண்டுமென்றால் போர்வை இருக்கிறது. குளிர வேண்டிய இடத்தில் குளிர்வதற்கும் ரஸிகனுக்குத் தைரியம் வேண்டும்.