சொல்லும் பொருளும்: அழுக்கு எங்கே இருக்கிறது?



பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நம் இல்லங்களில், ஒரே கூரையின் கீழ் மூன்று மொழிகள் புழங்குகின்றன. அடுக்களையில் தமிழ், வாயிலில் அவ்வூர் மொழி, பிள்ளைகளின் புத்தகப் பையில் ஆங்கிலம். இம்மூன்றும் ஒன்றோடொன்று உரசும்போது எழும் ஐயங்களை ஆராய்வதே இப்பகுதியின் நோக்கம் என்பதை நேயர்கள் அறிவர். இத்திங்கள் நாம் எடுத்துக்கொண்ட சொல் மிகவும் சிறியது, மழலையும் அறிந்தது. 'டர்ட்' என்பதே அச்சொல். அழுக்கு என்று ஒரே சொல்லால் பொருள் கூறிவிட்டு அப்பால் செல்லலாம் என்றே நானும் எண்ணியிருந்தேன். என் எண்ணத்தை மாற்றியவன் அடுத்த வீட்டுச் சிறுவன்.

ஏழாம் வகுப்பில் பயிலும் அவன், சென்ற திங்கள் ஒரு மாலையில் தன் அன்னையாருடன் என் இல்லத்திற்கு வந்தான். 'டர்ட்' என்னும் சொல்லை அமைத்து இரண்டு வாக்கியங்கள் எழுதி வருமாறு அவன் ஆசிரியை பணித்திருந்தார். ஒன்றில் அச்சொல் செம்பொருளில் வரவேண்டும். மற்றொன்றில் குறிப்புப் பொருளில் வரவேண்டும். அவன் எழுதியிருந்த முதல் வாக்கியம், 'என் காலணியில் டர்ட் படிந்திருக்கிறது' என்பது. குறை ஒன்றும் இல்லை. இரண்டாவது வாக்கியத்தைப் படித்ததும் என் கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தேன். 'நம் வீட்டுக் குப்பையை எடுத்துச் செல்லும் மனிதர் டர்ட்' என்று அவன் எழுதியிருந்தான்.

"ஏன் தம்பி, இவ்வாறு எழுதினாய்?" என்று கேட்டேன்.

"பொருளைச் சொன்னால் செம்பொருள், மனிதரைச் சொன்னால் குறிப்புப் பொருள் என்று நினைத்தேன், தாத்தா" என்றான்.

"இலக்கணம் சரிதானே, ஐயா?" என்று அவன் அன்னையார் வினவினார்.

அவ்வினாவிற்கு ஒரே சொல்லில் விடை கூற இயலவில்லை. அன்று அவர்களிடம் கூறியவற்றையும், பின்னர் எண்ணிப் பார்த்தவற்றையும் இங்கே தருகிறேன்.

முதலில் இலக்கணம். 'டர்ட்' என்பது எண்ணிக்கைக்கு அடங்காத பெயர். தண்ணீர், மணல் போன்றவற்றை எண்ணாமல் அளவால் மட்டும் குறிப்பதுபோல, இதனையும் 'கொஞ்சம் டர்ட்', 'மிகுந்த டர்ட்' என்றே கூறவேண்டும். 'எ டர்ட்' என்பதும் 'டர்ட்ஸ்' என்பதும் பிழை. ஒன்றன் தன்மையைக் கூற வேண்டுமாயின் 'டர்ட்டி' என்னும் பெயரடை உண்டு. 'டர்ட்டி ஷர்ட்' என்றால் அழுக்குச் சட்டை. 'டர்ட்டி ட்ரிக்' என்றால் கீழ்மையான சூழ்ச்சி. முன்னது செம்பொருள், பின்னது குறிப்பு. எனவே, குறிப்புப் பொருள் என்பது மனிதரைச் சுட்டுவதால் மட்டும் பிறப்பதன்று. சொல் தன் இயல்பான பொருளை விட்டு நீங்கி, ஒப்புமையால் வேறொன்றைக் குறிக்கும்போதே அது பிறக்கிறது. சிறுவன் தவறிய இடம் இதுவே.

இனி அச்சொல்லின் வரலாறு. அது வடவர் மொழியாகிய பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்திற்கு வந்தது. அங்கே அதன் வடிவம் 'ட்ரிட்', பொருள் மலம். இடைக்கால ஆங்கிலத்தில் எழுத்துகள் இடம் மாறி 'டர்ட்' ஆயிற்று. நாம் 'சதை' என்பதைத் 'தசை' என்றும் கூறுவதுபோன்ற மாற்றம் இது. அவையில் கூறத் தகாதவற்றை மறைத்துக் கூறுவதை நம் இலக்கண நூலார் இடக்கரடக்கல் என்பர். ஆங்கிலத்தில் நிகழ்ந்தது அதற்கு மறுதலை. கூறத் தகாத ஒரு சொல், காலப்போக்கில் தன் நாற்றத்தை இழந்து, வகுப்பறையில் பிள்ளைகள் எழுதும் அளவிற்குப் பொதுச்சொல் ஆகிவிட்டது.

நாட்டுக்கு நாடு அதன் பொருளும் வேறுபடும். இங்கிலாந்தில் அது பெரும்பாலும் அழுக்கையே குறிக்கும். அமெரிக்காவிலோ, தோட்டத்து மண்ணையும் அச்சொல்லாலேயே கூறுவர். அவர்கள் 'டர்ட் ரோடு' என்றால் குப்பை நிறைந்த சாலை என்று மயங்குதல் கூடாது. கல்லும் தாரும் இடாத மண்சாலை என்பதே பொருள். அமெரிக்க உழவன் ஒருவன் தன் கையில் 'டர்ட்' இருப்பதாகச் சொன்னால், அவன் பயிர் விளையும் மண்ணைப் பெருமையோடு கூறுவதாகவும் இருக்கலாம்.

குறிப்புப் பொருளில் வரும் தொடர்கள் பல. 'டர்ட் சீப்' என்றால் கொள்ளை மலிவு. ஒருவரைப் பற்றி 'டர்ட்' தோண்டுதல் என்றால், அவருடைய மறைவான குற்றங்களைத் துருவி எடுத்தல். 'டர்ட்டி லினன்' என்னும் அழுக்குத் துணியை ஊரறிய வெளுத்தல் என்றால், வீட்டுச் சண்டையை வீதிக்குக் கொண்டு வருதல். ஒருவரை 'லைக் டர்ட்' நடத்துதல் என்றால், அவரைத் துரும்பாக மதித்தல். இத்தொடர்களைப் பிள்ளைகள் அறிந்துகொள்ளுதல் நன்று. தமிழிலும் இவற்றிற்கு உறவினர் பலர் உண்டு. தோற்றவன் மண்ணைக் கவ்வுகிறான். ஏய்ப்பவன் கண்ணில் மண்ணைத் தூவுகிறான். பழிப்பவன் சேற்றை வாரி இறைக்கிறான்.

'சாயில்' என்னும் மற்றொரு சொல்லையும் இங்கே நினைவுகூர்தல் தகும். மண் என்னும் பெயராகவும், அழுக்காக்குதல் என்னும் வினையாகவும் வருவதால், இரண்டும் ஒரே சொல் என்று பலர் கருதுவர். உண்மையில் அவை வெவ்வேறு வேரிலிருந்து வந்து ஒலியால் ஒன்றியவை. பெயருக்கு மூலம் இலத்தீன் வழி வந்த நிலப்பெயர். வினைக்கு மூலம், கறைப்படுத்துதல் என்னும் பொருளுடைய பழைய பிரெஞ்சு வினை. மண் என்னும் பெயரிலிருந்து எழுந்ததே 'மண்ணின் மைந்தர்' என்று நாம் பெயர்த்து வழங்கும் தொடர். கேட்க இனிமையானதுதான். ஆயினும், 1966-ஆம் ஆண்டில் பம்பாயில் சிவசேனை தோன்றியபோது, தென்னிந்தியர்க்கு எதிராக அக்கருத்து முழங்கியதை அந்நகரத்துத் தமிழ்க் குடும்பங்கள் மறந்திருக்க இயலாது. ஒருவனை மண்ணின் மைந்தன் என்று உயர்த்தும் சொல்லே, மற்றொருவனை அம்மண்ணில் ஒட்டாத தூசியாக்கித் தட்டிவிடவும் கூடும்.

இவையெல்லாம் கூறிய பின், அச்சிறுவனிடம் இன்னொரு தொடரைச் சொன்னேன். 'பே டர்ட்' என்பது அது. 1848-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பொன் கிடைத்தது. மறு ஆண்டு முதல் ஆயிரக்கணக்கானோர் அங்கே விரைந்தனர். ஆற்றோரத்து மண்ணை அகன்ற தட்டில் அள்ளி நீரில் அலசினால், இலேசான மண் நீரோடு போய்விடும். கனமான பொன் துகள் தட்டின் அடியில் தங்கும். உழைப்புக்கு ஊதியம் தரும் அளவிற்குப் பொன் கலந்த மண்ணையே அவர்கள் 'பே டர்ட்' என்றனர். நம் பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்று வழங்கியதுபோல இதுவும் ஒரு தொழிலாளர் குழூஉக்குறி. பின்னர், நெடுநாள் தேடிய ஒன்று கைகூடுவதற்கெல்லாம் அது குறிப்புச் சொல்லாயிற்று.

அத்தொடரை என்னால் வெறுஞ்சொல்லாகக் கருத இயலாது. என் தந்தையார் கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர். 1880-இல் ஜான் டெய்லர் குழுமம் அங்கே பணியைத் தொடங்கிய பின், வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழர் திரள் திரளாகச் சென்று குடியேறினர். 1902-இல் சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியின் மின்னாற்றல் அவ்வயலுக்கு வந்தது. சாம்பியன் ரீப் சுரங்கம் நிலத்தின் கீழ் 3 கிலோமீட்டருக்கும் மேல் இறங்கிற்று. ஒரு டன் பாறையை உடைத்துப் பொடியாக்கினால் கிடைத்த பொன் சில கிராம்களே. இவ்வாறு 120 ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் பொன் எடுக்கப்பட்டது. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. பொன் எங்கெங்கோ சென்றுவிட்டது. அதனைப் பிரித்தெடுத்த பின் எஞ்சிய பாறைப்பொடி மட்டும், சயனைடு மேடுகள் என்னும் பெயரோடு, குன்றுகளாக அங்கேயே நின்றது. காற்று வீசும் காலத்தில் அப்பொடி ஊரின் மேல் படியும். பாறைத் தூசியைச் சுவாசித்த தொழிலாளர் பலர் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய்க்கு ஆளாயினர்.

பணி முடிந்து தந்தையார் வீடு திரும்பும்போது இமைமயிரிலும் தூசி படிந்திருக்கும். எனக்கு ஆறு அல்லது ஏழு வயதிருக்கும்போது, ஒருநாள் அக்கோலத்திலேயே அவர் என்னை அழைத்துக்கொண்டு ஊரில் ஒரு பெரிய வீட்டிற்குச் சென்றார். ஏதோ ஒரு கடிதத்தைக் கொடுப்பதற்காகச் சென்றதாக நினைவு. எங்களைப் படியிலேயே நிறுத்தி, உள்ளிருந்து வந்த ஒருவர் தந்தையாரைச் சுட்டி ஒரு சொல்லைச் சொன்னார். 'டர்ட்டி' என்பது அச்சொல். அதன் பொருள் எனக்கு அன்று தெரியாது. ஆனால் தந்தையார் தம் கையை என் கையிலிருந்து மெல்ல விடுவித்துக்கொண்டதை அறிந்தேன். தம் கையிலிருப்பது என் கையில் ஒட்டிவிடுமோ என்று அவர் அஞ்சினார் போலும். அகராதியில் நான் பொருள் தேடிய முதல் ஆங்கிலச் சொல் அதுவே.

தூசி என்பது தந்தையாரின் உடலில் இருந்தது, நீரூற்றினால் போய்விடும். அச்சொல்லோ அவ்வாறு போகவில்லை. செம்பொருளுக்கும் குறிப்புப் பொருளுக்கும் உள்ள வேறுபாட்டை இதனினும் தெளிவாக விளக்க எனக்குத் தெரியவில்லை.

1966-இல் மானிடவியல் அறிஞர் மேரி டக்ளஸ் தூய்மையையும் தீட்டையும் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். எப்பொருளும் தன்னியல்பால் அழுக்கு அன்று. நாம் வகுத்துக்கொண்ட ஒழுங்கில் அதற்குரிய இடத்தை விட்டு நீங்கும்போதே அதனை அழுக்கு என்கிறோம் என்பது அதில் விளங்கும் கருத்து. இலையில் இருக்கும் குழம்பு உணவு. சட்டையில் சிந்திய குழம்பு கறை. வயலில் மண் செல்வம். கூடத்தில் அதே மண் குப்பை. பொருள்களுக்கு இடம் வகுப்பதோடு மனிதன் நின்றிருந்தால் தீங்கில்லை. அவன் மனிதர்க்கும் இடம் வகுத்தான். அவ்விடத்தை விட்டு அவர்கள் நகர்ந்தபோது அவர்களையே அழுக்கு என்றான்.

இக்குற்றம் ஆங்கிலேயரிடம் மட்டும் இருந்ததென்று கூறி நாம் தப்பித்துக்கொள்ள இயலாது. வள்ளுவர் அழுக்காறாமை என்று ஓர் அதிகாரமே வகுத்து, ஒருவன் தன் நெஞ்சினுள் காணவேண்டிய குற்றத்தைச் சுட்டினார். நாமோ, அழுக்கை அயலான் பிறப்பில் தேடினோம்; தீட்டு என்று அதற்குப் பெயரும் இட்டோம். 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. மனிதக் கழிவை மனிதர் கையால் அகற்றும் கொடுமையைத் தடுக்க 1993-இலும் 2013-இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. சட்டம் செயலைத் தடுக்கும். ஏழாம் வகுப்புப் பிள்ளையின் குறிப்பேட்டில் எழும் வாக்கியத்தைத் திருத்த வேண்டியவர்கள் பெற்றோரும் மற்றோருமே.

நான் அச்சிறுவனிடம் இறுதியாகக் கேட்டது ஒன்றுதான்.

"தம்பி, அவர் கையில் நீ கண்ட அழுக்கு யாருடையது?"

சற்றே எண்ணினான். "நம் வீட்டினுடையது" என்றான். பிறகு அவனாகவே, "எங்கள் வகுப்பில் சிலர், நான் கையால் பிசைந்து சாப்பிடுவதைப் பார்த்து என்னையும் 'டர்ட்டி' என்றார்கள், தாத்தா" என்றான். அவன் அன்னையார் அதனை அன்றுதான் முதன்முறை கேட்டார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

சிறுவன் எழுதுகோலை எடுத்து, இரண்டாம் வாக்கியத்தை அடித்துவிட்டு வேறொன்று எழுதினான். 'நம் வீட்டுக் குப்பையை எடுத்துச் செல்லும் மனிதரை நாங்கள் டர்ட் போல நடத்தினோம்' என்பது அவ்வாக்கியம். அன்னையார் தயங்கினார். இதனைப் பள்ளிக்குக் கொடுத்தனுப்பலாமா, நம் குடும்பத்தைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்றார். அவர் தயக்கம் எனக்கு விளங்காமல் இல்லை. ஆயினும், "அம்மா, முன்பு கேட்டீர்களே, இலக்கணம் சரியா என்று; இப்போது சரி" என்றேன்.

மறுநாள் காலை குப்பை வண்டி வந்தபோது அவ்வீட்டு வாயிலில் பேச்சுக்குரல் கேட்டது. அன்னையார் அம்மனிதரின் பெயரைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆறு ஆண்டுகளாக நாள்தோறும் வருபவர் அவர். எனக்கும் அன்றுதான் அவர் பெயர் தெரிந்தது.

அடுத்த திங்கள், 'ஹவுஸ்', 'ஹோம்' என்னும் இரு சொற்களின் வேறுபாட்டை ஆராய்வோம். ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு அது பொருத்தமான ஆராய்ச்சியே. தங்கள் இல்லத்துப் பிள்ளைகள் எழுப்பும் ஐயங்களை நேயர்கள் எழுதியனுப்ப வேண்டுகிறேன்.