சைக்கிள் கொடுத்தாச்சு, வழி எங்கே?

காலை 8 மணி. தஞ்சை பழைய பஸ் நிலையத்தைச் சுற்றி ஒரு தடவை பார்த்தால் போதும்.

டவுன் பஸ், மினி பஸ், ஷேர் ஆட்டோ, கார், மோட்டார் சைக்கிள். எல்லாம் முட்டி மோதிக்கொண்டு போகின்றன. அவற்றுக்கு நடுவே ஒரு சைக்கிள்காரர். பின்னால் ஹாரன் அலறுகிறது. "ஓரமா போய்யா!" என்று சத்தம் வருகிறது.

அவர் ஓரத்தைத்தான் தேடுகிறார். ஓரத்தில் கார் நிற்கிறது. அதை அடுத்துத் தள்ளுவண்டி நிற்கிறது. அதற்கும் அப்பால் சாக்கடை. ஓரம் என்று ஒன்று இருந்தால்தானே ஓரமாகப் போக முடியும்?

யார் இவர்கள்?

சைக்கிளில் வருவது யார்? கொத்தனார், சித்தாள், ஓட்டல் தொழிலாளி, ஜவுளிக்கடை பையன், பால்காரர், கீரைக்காரர், ராத்திரி காவல் முடிந்து வீடு திரும்பும் வாட்ச்மேன். இவர்கள் பெட்ரோல் போட வேண்டாம், புகை விடுவதில்லை, ரோட்டில் அதிக இடமும் கேட்பதில்லை. ஆனால் ரோட்டில் இவர்களுக்கு மட்டும் இடம் இல்லை.

இன்னொரு கூட்டமும் உண்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

தமிழக அரசு 2001-02-ம் ஆண்டு ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. பிறகு அரசு பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பிளஸ்-1 படிக்கும் மாணவ-மாணவிகளுக்கும் திட்டம் விரிந்தது. ஆட்சிகள் மாறின. திட்டம் நிற்கவில்லை. நல்ல திட்டம்!

ஆனால் சைக்கிள் கொடுத்த அரசு, அதில் எந்த வழியாகப் போவது என்று சொல்லவில்லை. மகள் மெயின் ரோட்டில் லாரிக்குப் பக்கத்தில் போவதை நினைத்தால் எந்தத் தாய்க்கும் வயிற்றைக் கலக்கும். "வேணாம்மா, பஸ்ஸிலேயே போ" என்று சொல்லிவிடுவாள். சைக்கிள் திண்ணையில் துருப்பிடிக்கும். குற்றம் தாய் மீது அல்ல.

பக்கத்து மாவட்டத்தின் பாடம்

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சொல்லிக் கொடுத்தது. அப்போது கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். கல் குவாரியில் வேலை பார்த்த பெண்கள், அங்கன்வாடி ஊழியர்கள், கிராம நர்சுகள் என்று ஆயிரக்கணக்கில் பெண்கள் சைக்கிள் மிதிக்கக் கற்றுக்கொண்டார்கள். பஸ்சுக்குக் காத்திருக்க வேண்டாம். "கொண்டு போய் விடு" என்று அண்ணன் தம்பியைக் கெஞ்ச வேண்டாம். சைக்கிள் அவர்களுக்குக் கிடைத்த சுதந்திரம்.

அன்று ரோட்டில் வண்டி குறைவு. அந்தப் பெண்களின் பேத்திகள் இன்று பிளஸ்-1 படிக்கும் வயதில் இருப்பார்கள். பாட்டி பயப்படாமல் மிதித்த சைக்கிளைப் பேத்தி பயந்து நிறுத்தினால், நாடு முன்னேறியதாக எப்படிச் சொல்வது?

சைக்கிளுக்கு ஏற்ற பூமி

தஞ்சை சைக்கிளுக்கென்றே படைத்தது போன்ற ஊர். வல்லம் பக்கம் மட்டும் செம்மண் மேடு. கிழக்கும் வடக்கும் ஆற்று வண்டல் பூமி. மலை இல்லை, பெரிய ஏற்றம் இல்லை. ஆடி மாதத்து மேல்காற்று ஒன்றுதான் எதிரி. புன்னைநல்லூர் மாரியம்மன் கோவில் பக்கம் இருந்து காலையில் வருபவருக்கு அது எதிர்க்காற்று. சாயங்காலம் அதே காற்று முதுகில் தள்ளி வீடு சேர்க்கும்.

அப்படியானால் சிக்கல் எங்கே?

பஸ் போகும் வழியே சைக்கிளுக்கும் வழி என்று எல்லோரும் நினைப்பதுதான் சிக்கல். பஸ்சுக்கு அகலமான ரோடு வேண்டும். சைக்கிளுக்கு 4 அடி அகலம் போதும். சந்தில் நுழையும், ஆற்றங்கரையில் போகும். கோட்டைக்குள் மேலவீதி, வடக்கு வீதி, கீழவீதி, தெற்கு வீதி ஆகிய 4 வீதிகளுக்கும் இடையே எத்தனை குறுக்குத் தெருக்கள்! மெயின் ரோட்டைத் தொடாமலேயே பாதி ஊரைக் கடந்துவிடலாம்.

ஆனால் தெரு போய் முடிகிற இடத்தில் மெயின் ரோடு குறுக்கிடும். அங்கே கடக்க வழி இருக்காது. தஞ்சையில் பாதைக்குப் பஞ்சம் இல்லை, பாதைகளை இணைக்கத்தான் ஆள் இல்லை.

5 ஆறு, 5 பாலம்

திருவையாற்றில் இருந்து தஞ்சை சுமார் 13 கிலோ மீட்டர். அதற்குள் காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று 5 ஆறுகள்! கண்ணுக்கு அழகு. சைக்கிள்காரருக்கோ ஒவ்வொரு பாலமும் ஒரு கண்டம். ரோட்டில் பஸ் வந்தால் மண் ஓரத்தில் இறங்கிவிடலாம். பாலத்தின் மேல் எங்கே இறங்குவது? பக்கத்தில் கைப்பிடிச் சுவர், கீழே தண்ணீர்.

பாலத்துக்கு 100 அடி முன்பே வேகத்தடையும் எச்சரிக்கைப் பலகையும் வைக்கலாம். "பாலத்தில் சைக்கிளை முந்தாதே" என்று எழுதலாம். இதற்கு என்ன கோடியா செலவாகும்?

அறுவடைக் காலத்தில் இன்னொரு ஆபத்து. களம் போதாமல் விவசாயிகள் நெல்லை ரோட்டில் காயப் போடுகிறார்கள். நெல்லைச் சுற்றிக் கல் வைக்கிறார்கள். பகலில் கல் தெரியும், இருட்டில் தெரியாது. அவர்களையும் குறை சொல்ல முடியாது. ஈர நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். சிமெண்டு களம் போதுமான அளவு கட்டிக் கொடுத்தால் ரோடு காலியாகும். கரும்பு ஏற்றிவரும் டிராக்டர் டிரெய்லருக்குப் பின்பக்கம் சிவப்பு விளக்கு இருக்கிறதா என்று போலீசார் பார்க்க வேண்டும்.

புது ஆற்றங்கரை

மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்தது கல்லணைக் கால்வாய். 1934-ல் தண்ணீர் விட்டார்கள். 90 வயது ஆன பிறகும் தஞ்சை மக்களுக்கு அது "புது ஆறு"தான்! பெரிய கோவிலை ஒட்டி வந்து, நகருக்கு நடுவே ஓடி, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை பக்கம் போகிறது. ஆற்றுக்கு இரு பக்கமும் கரை உண்டு. ஊரைக் குறுக்கே கடக்க இதைவிட நேரான வழி கிடையாது. கரையில் சிக்னல் இல்லை, லாரி இல்லை. காற்றும் உண்டு.

இந்தக் கால்வாயைச் சீரமைக்க 2021-ம் ஆண்டு பிப்ரவரி 14-ந்தேதி பிரதமர் மோடி அடிக்கல் நாட்டினார். ரூ.2,640 கோடி திட்டம். கால்வாய்க்கு இவ்வளவு பணம் ஒதுக்கும்போது, நகருக்குள் வரும் சில கிலோ மீட்டர் கரையைச் சைக்கிள் பாதையாக்க அதில் ஒரு துளி போதாதா?

ஆனால் ஒன்று. இன்று இருக்கிற நிலையில் எல்லோரும் கரையில் போங்கள் என்று சொல்வது சரியாகாது. கான்கிரீட் சரிவு வழுக்கும். விழுந்தால் பிடித்து ஏற ஒரு புல் பூண்டு கூட இருக்காது. வழக்கமாக ஜூன் 12-ந்தேதி மேட்டூர் திறந்தால் ஜனவரி வரை ஆற்றில் தண்ணீர். அப்போது தடுப்பு இல்லாத கரை எமன் வாய். விளக்கு இல்லாத கரையோ குடிகாரர்களுக்கும் வழிப்பறிக்காரர்களுக்கும் வசதி. பெண்கள் எப்படி வருவார்கள்?

எனவே முதலில் இடுப்பு உயரத் தடுப்பு, அடுத்து விளக்கு, அதோடு போலீஸ் ரோந்து. இந்த மூன்றும் வந்த பிறகுதான் "சைக்கிள் பாதை" என்று போர்டு மாட்ட வேண்டும். போர்டு மட்டும் மாட்டினால் அது சைக்கிள் பாதை அல்ல, சாவுப் பாதை.

டச்சுக்காரர்கள் செய்தது

நாகப்பட்டினத்தை 1658 முதல் 1781 வரை தங்கள் கையில் வைத்திருந்தவர்கள் டச்சுக்காரர்கள். அவர்களது நெதர்லாந்து நாடும் தஞ்சை போலத் தட்டை பூமிதான். இன்று அங்கே ஜனங்கள் போய்வரும் பயணங்களில் நான்கில் ஒன்றுக்கு மேல் சைக்கிளில்தான்.

ஆதியில் இருந்தே அப்படி என்று நினைக்க வேண்டாம். கார் பெருகி சைக்கிள் நசுங்கிய காலம் அங்கேயும் இருந்தது. 1971-ல் மட்டும் 3 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சாலை விபத்தில் பலி. அதில் 400-க்கும் மேல் குழந்தைகள்! "குழந்தைகளைக் கொல்வதை நிறுத்து" என்று பெற்றோர் தெருவில் இறங்கினார்கள். 1973-ல் பெட்ரோல் தட்டுப்பாடும் வந்தது. அரசு யோசித்தது. சைக்கிளுக்குத் தனிப் பாதை வந்தது.

இந்தியாவில் 2022-ல் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1 லட்சத்து 68 ஆயிரத்து 491 பேர். அதில் சைக்கிள்காரர்கள் 4 ஆயிரத்துக்கும் மேல். இன்னும் எத்தனை பேர் போன பிறகு இங்கே யோசிப்பார்கள்?

யார் பொறுப்பு?

தெரு மாநகராட்சிக்குச் சொந்தம். பெரிய ரோடு நெடுஞ்சாலைத் துறைக்கு. ஆற்றங்கரை நீர்வளத் துறைக்கு. போக்குவரத்து போலீசுக்கு. ஒருவர் எல்லை முடிகிற இடத்தில் அடுத்தவர் எல்லை தொடங்குகிறது. சைக்கிள்காரர் விழுவது சரியாக அந்த இடத்தில்தான்.

2014-ல் தஞ்சை மாநகராட்சி ஆனது. 2016-ல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்தது. பெயருக்கேற்ற வேலை இதுதான். பள்ளிக்கூடங்கள், ஆஸ்பத்திரி, மார்க்கெட், ரெயிலடி இவற்றுக்குப் பிள்ளைகளும் தொழிலாளிகளும் வரும் வழியை ஒரு வரைபடத்தில் போடட்டும். மெயின் ரோட்டைக் கடக்கும் இடங்களைக் கண்டுபிடித்து, பள்ளி நேரத்தில் ஒரு போலீஸ்காரரை நிறுத்தட்டும்.

கடைக்காரர்களுக்கும் பங்கு உண்டு. சரக்கு லாரியைக் காலை 7 மணிக்குள் அனுப்பிவிட்டால் ஓரம் கிடைக்கும். கடை வாசலில் ஒரு கார் நிற்கும் இடத்தில் பத்து சைக்கிள் நிற்கும். பத்து சைக்கிள் என்றால் பத்து வாடிக்கையாளர்!

சைக்கிள்காரரும் கவனிக்க வேண்டும்

தினமும் போகும் வழியை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாற்றிப் பாருங்கள். பத்து நிமிடம் கூடுதலானாலும் பரவாயில்லை. எத்தனை தடவை வலது பக்கம் திரும்ப வேண்டியிருக்கிறது என்று எண்ணுங்கள். அது குறைந்த வழியே நல்ல வழி. பெரிய முச்சந்தியில் இறங்கித் தள்ளிக்கொண்டு கடப்பது கவுரவக் குறைச்சல் அல்ல.

திரும்பப் போகும் பஸ், லாரிக்கு இடது பக்கம் ஒட்டி நிற்கவே கூடாது. டிரைவர் கண்ணுக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். விளக்கு இல்லாமல் போனால் போலீஸ்காரர் பிடித்த காலம் ஒன்று உண்டு. இப்போது பிடிப்பார் இல்லை என்பதற்காக இருட்டில் போகலாமா? முன்னால் ஒரு விளக்கு, பின்னால் ஒரு சிவப்பு ரிப்ளக்டர். இரண்டும் உயிரைவிட விலை அதிகம் அல்ல.

கடைசியாக அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். விழிப்புணர்வு ஊர்வலம் வேண்டாம். கொடி அசைக்க வேண்டாம். பேனர் வேண்டாம். கலெக்டர், மாநகராட்சி கமிஷனர், போலீஸ் சூப்பிரண்டு மூவரும் ஒரு திங்கட்கிழமை காலை 8 மணிக்கு ஆளுக்கொரு இலவச சைக்கிளை எடுத்துக்கொள்ளட்டும். கரந்தையில் ஏறி மருத்துவக் கல்லூரி வரை மிதிக்கட்டும். முன்னால் சைரன் வைத்த ஜீப் போகக் கூடாது.

மறுநாளே வேலை தொடங்கிவிடும்!